பல் ஆஸ்பத்திரி அக்காவின் சனிக்கிழமைகள்

பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் அந்த அக்காவுக்குப் பேச்சென்றால் உயிர். வேலையும் அதற்குத் தோதாக வாய்த்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பிளந்து, எச்சில் உறிஞ்சும் குழாயோடு கிடக்கிறவர் என்ன எதிர்ப்பேச்சு பேச முடியும்? மருமகன் கதை முதல் மாடிக் குழாய் ஒழுகுவது வரை எல்லாவற்றையும் கேட்டே தீர வேண்டும். வீட்டில் இந்தப் பாச்சா பலிக்காது. இவர் செருப்பைக் கழற்றும்போதே கணவர் காதில் இயர்போனை மாட்டிக்கொள்வார்.

அதனால்தான், வேலை தேடும் பிள்ளைகளுக்கு வழிகாட்ட ஆள் வேண்டும் என்ற அறிவிப்பை நூலகத்தில் பார்த்ததும் ஓடிப்போய்ப் பேர் கொடுத்தார். காசா பணமா, சனிக்கிழமை கொஞ்ச நேரம்தானே!

வந்து வாய்த்த பெண்ணோ வாயில்லாப் பூச்சி. போன நேர்காணல்களில் எல்லாம் பேச்சு வராமல் திரும்பி வந்தவள். இந்த முறை, தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கும் கம்பெனியில் போனில் புகார் கேட்கும் வேலை. இதுவும் கை நழுவினால் சித்தப்பாவின் கோழிப்பண்ணைதான் கதி. கோழி வாடையே அவளுக்குக் குமட்டும்.

"உன்னைப் பத்திச் சொல்லும்மா" என்பார் அக்கா. அவள் தொண்டையைச் செருமுவதற்குள், எப்படிச் சொல்ல வேண்டும் என்று தானே ஆரம்பித்து, தன் கல்யாணம், நாத்தனார் சண்டை என்று போய், நூலகத்தில் விளக்கணைக்கும்போதுதான் கரையேறுவார். அந்தப் பெண் நடுநடுவே "ம்" என்பாள், "அப்புறம்?" என்பாள். நன்றாகப் பிடித்துக்கொள்கிறாள் என்று அக்காவுக்கு ஒரே பெருமை.

நேர்காணலுக்கு முந்தின நாள் கணவர் அதிசயமாக இயர்போனைக் கழற்றினார்.

"அந்தப் பொண்ணை ஒரு தடவையாவது பேச விட்டியா?"

அக்காவுக்குத் திக்கென்றது. யோசித்துப் பார்த்தால் அவள் குரலே சரியாக நினைவில்லை. அடப் பாவமே, ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. மறுநாள் முழுக்க ஆஸ்பத்திரியில் அவர் வாயே திறக்கவில்லை. டாக்டர் பயந்துபோய் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

சாயங்காலம் அந்தப் பெண் நேராக ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றாள். வேலை கிடைத்துவிட்டதாம். நேர்காணலுக்கு வந்தவர்களிடம், கோபத்தில் கத்துகிற வாடிக்கையாளரை ஆளுக்கு ஒருவராகப் போனில் கொடுத்தார்களாம். மற்றவர்கள் குறுக்கே பேசி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். இவள் மட்டும் அந்த மனிதர் ஓயும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாளாம். கடைசியில் அவரே நன்றி சொல்லி போனை வைத்தாராம்.

"எப்படிம்மா இவ்வளவு பொறுமைன்னு மேனேஜர் கேட்டாருக்கா. சனிக்கிழமை சனிக்கிழமை உங்ககிட்ட உக்காந்து பழகினதுன்னு சொன்னேன்."

அக்கா முகக்கவசத்தை இழுத்து வாயை மூடிக்கொண்டார். நாற்காலியில் வாய் நிறையப் பஞ்சோடு கிடந்த பழைய நோயாளிதான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.