என் எடைக்கு ஒரு மூட்டை மணல்

“படிச்சதெல்லாஞ் செரி அம்மணி. உன்னைத் தூக்கறதுக்கு எந்தம்பியால ஆகுமா?”

எனக்கு உப்புச்சக்கரை மாற்றி நிச்சயம் செய்த அன்று, பந்தியில் பெரியம்மா என்னைப் பார்த்துக் கேட்டது இது. பெரியம்மா என் அம்மாவின் அக்கா. அவர் தம்பி என்றது என் தாய்மாமாவை. எங்கள் சொந்தத்தில் கல்யாணப் பெண் மணவறைக்கு நடந்து போவதில்லை. மண்டபத்தில் அத்தனை பேரும் பார்த்திருக்க, பெண் அறையிலிருந்து மணவறை வரைக்கும் தாய்மாமன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போக வேண்டும். நடுவில் இறக்கிவிட்டால் அந்தப் பேச்சு அவர் ஆயுசுக்கும் ஓயாது.

பந்தி முழுக்கச் சிரித்தது. மாமாவும் சிரித்தார். ஆனால் இலையில் வைத்த ஜிலேபியை அதற்குப் பிறகு அவர் தொடவில்லை.

பெரியம்மா கேட்டதில் தப்பும் இல்லை. மாமா மில்லில் பஞ்சு குடோனில் மூட்டை தூக்கியே தலை நரைத்தவர். மில் மூடிய பிறகு வீட்டோடு இருந்தார். ஐம்பத்தாறு வயதில் வயிறு வேட்டிக்கு வெளியே வந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் மேலே போய் மூச்சு வாங்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

நானும் ஒல்லி இல்லை. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான். ‘படிக்கற புள்ள’ என்று சொல்லி என்னை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விட்டதில்லை. அம்மா காலையில் செங்கல் சூளைக்குப் போகும்போது எனக்கு மட்டும் நெய் ஊற்றிப் பிசைந்து வைத்துவிட்டுப் போவார். பி.காம். முடித்து, கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். என் உடம்பு நான் படித்ததற்குச் சாட்சி என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன். அதில் எனக்குக் குறை எதுவும் தோன்றியதில்லை, அன்றைய பந்தி வரைக்கும்.

நான் நடந்தே வருகிறேன் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். கல்லூரியில் இந்த மாதிரிச் சடங்குகளைப் பற்றி எத்தனை பேசியிருக்கிறேன். பெண் என்ன தூக்கிக் கொடுக்கிற பண்டமா என்று கேட்டுக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கல்யாணம் தை மாதம் என்று முடிவானது. மாப்பிள்ளை உடுமலைப்பேட்டைக்காரர். அவர்கள் கட்டிக்கொண்டிருந்த வீடு முடியட்டும் என்று தள்ளி வைத்தார்கள். அதனால் மாமாவுக்கு ஆவணியிலிருந்து அவகாசம் கிடைத்தது.

முதலில் விஷயம் தெரிய வந்தது அத்தை மூலமாக. மாமாவின் மனைவி. ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மாமா ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டாராம். காலையில் ஒரு கிண்ணம் வேக வைத்த கொள்ளு. முட்டையில் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளை அத்தை தட்டில் வைக்கிறாராம். அவர் இளைக்க இளைக்க அத்தை பெருத்துக்கொண்டிருந்தார்.

அதோடு ஒறம்பரை, சொந்தக்காரர்கள் தொல்லை வேறு. மாமாவின் சட்டை தொளதொளவென்று ஆனதும் தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் தாழ்ந்த குரலில், “சக்கரையாங்?” என்று கேட்டார்கள். இல்லை என்று அவர் அழுத்திச் சொல்லச் சொல்ல, அதைவிடப் பெரிய சீக்கு ஏதோ வந்திருப்பதாக முடிவு கட்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பங்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, மாமா வெளியே போயிருப்பது தெரிந்து, அத்தைக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். மாமா அப்போது ஜிம்மில் இருந்தார்.

அந்த ஜிம் எங்கள் கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்தது. இரும்பு பிளேட்டுகள் எல்லாம் பக்கத்துப் பவுண்டரியில் வார்த்தவை. ஓரம்கூடத் தேய்க்காமல் சொரசொரப்பாக இருக்கும். ஒரு சாயங்காலம் அத்தை கொடுத்தனுப்பிய துண்டைக் கொடுக்கிற சாக்கில் போனேன். மீசை அரும்பிய பையன்களுக்கு நடுவில் மாமா அரை டவுசரோடு பஸ்கி எடுத்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தார். எழும்போது தொடை நடுங்கியது. மறுபடியும் உட்கார்ந்தார். மாமாவை வேட்டி இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. துண்டைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் அவர் எழுகிற ஒவ்வொரு தடவையும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன்.

ஜிம் மாஸ்டர் கோட்டைமேட்டுக்காரர், மாமாவைவிடப் பத்து வயது இளையவர். மாமா இத்தனை வருஷம் மூட்டையை முதுகில் சுமந்தவர் என்பதுதான் சிக்கல் என்றார். பெண்ணை முதுகில் போட்டுக்கொண்டு மணவறைக்குப் போக முடியாது. முன்பக்கமாக, கையில் ஏந்த வேண்டும். அதற்கு இடுப்பும் தொடையும் புதிதாகப் பழக வேண்டும். “அண்ணா இதுவரைக்கும் தூக்குனதெல்லாம் கணக்குல வராதுங்” என்று சொல்லிச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை, அடுத்த பஸ்கிக்கு உட்கார்ந்தார்.

வீட்டிலும் பழக வேண்டும் என்று மாமா இரண்டு உரச்சாக்கை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“எத்தன கிலோ இருப்பே அம்மணி? வெக்கப்படாமச் சொல்லு. மணல் அளந்து கட்டோணும்.”

“நான் என்னங் மாமா, மூட்டையா?”

“மூட்டையா இருந்தா எனக்கென்ன பயம்? மூட்டை எதுத்துப் பேசாதே.”

நான் சொல்லவில்லை. கம்பெனியில் எந்த மாதத்து எந்தக் கணக்கைக் கேட்டாலும் வாயில் வைத்திருப்பவள், இந்த ஒரு எண்ணைச் சொல்ல மாட்டேன் என்று நின்றேன். இங்கேயும் எழுதப்போவதில்லை. மாமா என்னை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். பஞ்சு மூட்டையைக் கண்ணால் பார்த்தே எடை சொல்லுகிறவர் என்று மில்லில் அவருக்குப் பேர் உண்டு. தலையை ஆட்டிக்கொண்டு மணலை அள்ளிப் போட்டார். அரிசிக் கடைத் தராசில் நிறுத்து வந்து, இவ்வளவுதான் நீ என்று சொல்லிக் கட்டிவிட்டார்.

அந்த வாரமே ரயில் நிலையத்துக்குப் போய், கலர் விளக்கு சுற்றுகிற எடை மெஷினில் காசு போட்டு ஏறினேன். அட்டை விழுந்தது. பின்பக்கம் நல்ல காலம் பிறக்கும் என்று அச்சடித்திருந்தது. முன்பக்கத்து எண்ணுக்கும் மாமாவின் மூட்டைக்கும் நடுவில் ஒரு நல்ல ஆட்டுக்குட்டி அளவுக்கு வித்தியாசம் இருந்தது.

இதை அவரிடம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? சொன்னால் மலைத்துவிடுவார். சொல்லாவிட்டால் மணவறைக்குப் பாதி வழியில் அவருக்குத் தெரிந்துவிடும். நடந்தே வருகிறேன் என்று இப்போது சொன்னாலும், அவரால் ஆகாது என்று நான் சொல்வதாகத்தான் ஊர் எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே, அவர் என்னைக் குறைவாக மதிப்பிட்டது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது. கடைசியில் நான் செய்தது இவை எதிலும் சேராது. மூட்டையின் எடைக்கு நான் இறங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் பேக்கரியில் டீயோடு தின்கிற தேங்காய் பன் முதலில் போனது. பிறகு ராத்திரி இட்லி. அம்மா பத்து நாளில் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அவர் கேட்டது, “ஏங்கண்ணு, மாப்பிள்ளை புடிக்கிலியா?” என்று. எங்கள் பக்கம் பெண் இளைத்தால் அதற்கு வெசனம், மனசுக்குள் இருக்கிற கவலை ஒன்றைத்தான் காரணமாகத் தேடுவார்கள். இல்லை என்றேன். மாமாவைப் போலவே, நான் இல்லை என்றது அம்மாவின் பயத்தைக் கூட்டியது.

இதற்குள் பெரியம்மா மாற்று ஏற்பாடு செய்துவிட்டார். அம்மாவுக்குச் சித்தப்பா மகன் ஒருவர் சென்னிமலையில் பெட்ஷீட் மூட்டைகளை லாரியில் ஏற்றுகிறார். முப்பது வயது. அவரும் எனக்கு மாமா முறைதான். சின்ன மாமாவே தூக்கட்டும், முறைக்கு முறையும் ஆச்சு, பயமும் இல்லை என்று பெரியம்மா பேசி வைத்துவிட்டார். மாமாவிடம் சொன்னபோது அவர் “செரீங்க்கா” என்று மட்டும் சொன்னாராம். மறுநாளும் ஜிம்முக்குப் போனாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரும் தூக்க வேண்டாம் என்று நினைத்தவளுக்கு, இன்னொருவர் தூக்கப்போகிறார் என்றதும் ஏன் அப்படிக் கோபம் வர வேண்டும்?

கார்த்திகை தீபத்தன்று மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசல் விளக்கு வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்தவர், “ஏ அம்மணி, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு?” என்றார். எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. உங்கள் மூட்டை அளவுக்கு வரப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

மாமா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“உங்க பெரியம்மா கேட்டதையேதான் நீயுங் கேக்கறே. அவ வாயில கேட்டா. நீ வயித்தக் காயப்போட்டுக் கேக்கறே.”

“அப்படி இல்லீங் மாமா.”

“பின்ன எப்படி?”

அம்மா காபி கொண்டுவருவதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கம்பெனி விட்டதும் அவர் வீட்டுக்குப் போனேன். மாமா இல்லை. அத்தை உள்ளே சமைத்துக்கொண்டிருந்தார். தொட்டி பக்கத்தில் மூட்டை கிடந்தது. என்ன நினைத்தேனோ, குனிந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு மறுபடியும் இழுத்தேன். ஒரு பக்கம் லேசாகத் தூக்கி விழுந்தது. நான் நாள் முழுக்கச் சுமந்து திரிகிற என்னைவிட இது எடை குறைவு. இதைத்தான் அந்த மனிதர் தினமும் மார்போடு அணைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றுகிறார். எனக்குக் கை எரிந்தது. அத்தையிடம் சொல்லிக்கொள்ளாமல் ஜிம்முக்கு நடந்தேன்.

பையன்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் கதவோரம் அவர்களிடம் பஸ்கிக் கணக்குக் கேட்டுக்கொண்டு நின்றார். மூலையில் பழைய பலகைத் தராசு ஒன்று உண்டு. மேலே கம்பியில் குண்டைத் தள்ளி எடை பார்க்கிற வகை. மாமாவைப் பார்த்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நின்றேன்.

மாமா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். குண்டை அவர் கட்டிய மூட்டையின் அளவில் வைத்தார். கம்பி மேலேயே முட்டிக்கொண்டு நின்றது.

“இன்னுந் தள்ளுங் மாமா.”

கொஞ்சம் தள்ளினார். கம்பி அசையவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னும்” என்றேன்.

நான் இத்தனை நாள் பட்டினி கிடந்ததற்கு ஏதோ குறைந்திருந்தது. ஆனால் ஆட்டுக்குட்டி முழுதாகப் போய்விடவில்லை. கம்பி மெல்ல இறங்கி நடுவில் நின்றபோது மாமா எண்ணைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“கண்ணு ஏமாத்திப்போட்டுதே. மூட்டைன்னா செரியாச் சொல்லியிருப்பேன்.”

பிறகு கேட்டார், “தூக்கிப் பாக்கட்டுமா?”

நான் தலையை ஆட்டினேன். அவர் ஒரு கையை என் முதுகுக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் கொடுத்து, பஸ்கி எடுக்கிற மாதிரியே உட்கார்ந்து எழுந்தார். தைல வாசனை அடித்தது. நான் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். கல்லூரி மேடையில் நான் பேசியதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. அதில் எதுவும் பொய் என்று தோன்றவில்லை. கீழே இறங்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. மாமா கதவு வரை போனார், திரும்பினார், பெஞ்சு பக்கம் வந்து என்னை இறக்கினார். தூக்கிப் போடவில்லை, இறக்கினார். அவருக்குக் கால் இரண்டும் நடுங்கின. மண்டபம் இதைப்போல மூன்று பங்கு நீளம் இருக்குமே என்றார் மாஸ்டர். மூச்சு வாங்கியதில் மாமாவால் பேச முடியவில்லை. தைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்றோ என்னவோ, ஒற்றை விரலைக் காட்டினார்.

இப்போது மார்கழி. சாக்கில் மணலைக் கூட்டிக் கட்டியாயிற்று. நான் ராத்திரி இட்லியும் சாயங்காலம் தேங்காய் பன்னும் பழையபடி சாப்பிடுகிறேன். இனி நான் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மூட்டை என் அளவுக்கு வந்துவிட்டது. அந்தச் சடங்கு சரியா தப்பா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. மாமா முற்றத்தை இப்போது எத்தனை சுற்று வருகிறார் என்று நான் கேட்பதும் இல்லை.

ஆனால் பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். மாமாதான் தூக்குவார். மூச்சு வாங்கினால் நடுவில் இறக்குவார். நான் பக்கத்தில் நிற்பேன். மூச்சு வந்ததும் மறுபடி தூக்குவார்.

“சபையில சிரிப்பாங்க அம்மணி” என்றார் பெரியம்மா.

“சிரிக்கட்டுங் பெரியம்மா. நாங்க மெதுவா வாரோம்.”

அவர் வீட்டு முனையிலேயே டெலிபோன் பூத் இருக்கிறது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சென்னிமலைக்குப் போட்டேன். சின்ன மாமாவே எடுத்தார். கல்யாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும், வந்து வயிறாரச் சாப்பிட்டால் போதும், தூக்குகிற வேலை அவருக்கு இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.