காயப்போட்ட வயிறு

எம்.ரெட்டியபட்டியில் பலசரக்குக் கடை நடத்துகிற முத்துத்தாயிடம் வயிற்றுப்போக்குக்கு மாத்திரை கேட்டுப் போனால், மாத்திரைக்கு முன்னால் வசவுதான் வரும். "மொதல்ல தண்ணியக் குடிக்கச் சொல்லு! இந்தப் பாக்கெட்ட ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சு, மடக்கு மடக்காக் குடுத்துக்கிட்டே இரு" என்று உப்புக்கரைசல் பாக்கெட்டை எடுத்துப் போடுவாள். பொல்லாத வாய் என்பார்கள். அந்த வாய் அடங்கிக் கிடந்த நாள் ஒன்று உண்டு.

கடை அப்போது அவள் புருஷன் ராமசுப்புவினுடையது. பாலவனத்தத்தில் விருந்து சாப்பிட்டு வந்தவருக்கு மறுநாள் காலையில் வாந்தியும் பேதியும் கண்டது. அந்த வீட்டில் அவருடைய அக்காள் வெள்ளைத்தாய் வைத்ததுதான் சட்டம். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் பிரியத்தில் குறை சொல்ல முடியாது. பிரியம் இருந்து என்ன செய்ய?

"ஓட்டைக் குடத்துல ஊத்துனா நிக்குமாத்தா? குடிக்கக் குடிக்கப் போகத்தான் செய்யும். வயித்தக் காயப்போடு" என்று தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

முத்துத்தாய் கடையிலிருந்த உப்புக்கரைசல் பாக்கெட்டைக் கரைத்துக் கரண்டியோடு போனாள். "வேணாம் புள்ள, அக்கா வையும்" என்று ராமசுப்பு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தனை பெரிய ஆம்பளை! ஒரு வாய் உள்ளே போனதோ என்னவோ, அவளும் நாத்தனாருக்குப் பயந்து வைத்துவிட்டாள்.

பொழுது சாயப் பேதி நின்றது. "பாத்தியா, நின்னுருச்சு!" என்று வெள்ளைத்தாய் சாமிக்குச் சூடம் கொளுத்தினாள். மூத்திரமும் காலையிலிருந்தே இல்லை என்பதை யாரும் நினைக்கவில்லை. கண் குழிக்குள் போயிருந்தது. கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது. வெளியே போவதற்கு உள்ளே ஒன்றுமே மிச்சமில்லை என்று அப்போதுதான் முத்துத்தாய்க்கு உறைத்தது. ஷேர் ஆட்டோவில் போட்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டிரிப்ஸ் ஏற்ற நரம்பே சிக்கவில்லை. "இவ்வளவு நேரம் தண்ணி குடுக்காம என்னம்மா பண்ணுன?" என்று டாக்டர் முத்துத்தாயைத்தான் கேட்டார்.

"நல்லா நின்னுருந்துச்சு சார். இவதான் என்னத்தையோ கரைச்சுக் குடுத்துக் கெடுத்துட்டா" என்றாள் கூடவே வந்திருந்த வெள்ளைத்தாய்.

ராமசுப்பு பிழைக்கவில்லை.

நீர்மாலைத் தண்ணீர் வந்தது. தம்பியின் உடம்பைக் குளிப்பாட்ட வெள்ளைத்தாய் நெஞ்சிலடித்து அழுதுகொண்டே குடம் குடமாக ஊற்றினாள். முத்துத்தாய் கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஊத்துங்க மதினி, நல்லா ஊத்துங்க. இனிமே அவுகளுக்குப் போகாது."