முகம் உரிக்கும் வேலை

நேற்றுக் காலை பதினேழு வயதுப் பெண் ஒருத்தியின் முகத்தில் மூலிகைப் பொடியைக் குழைத்து வைத்து, அவள் கண்ணில் நீர் வரும்வரை தேய்த்தேன். முடிந்ததும் அவள் எழுந்து, வெந்த இறால் போலச் சிவந்துபோன கன்னங்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, என் கையைக் குலுக்கி நன்றி சொன்னாள். வெளியே காத்திருந்த அவளுடைய தாயும் சொன்னாள். ஹாம்பர்க்குக்கு வந்து எட்டு வருடமாகிறது. குளிர் பழகிவிட்டது, கறுப்பு ரொட்டி பழகிவிட்டது, இந்த நன்றி மட்டும் பழகவில்லை. எங்கள் தூத்துக்குடியில் ஒருத்தியின் கன்னம் இப்படிச் சிவந்திருந்தால் யார் அடித்தது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

கெர்டா அம்மையாரின் அழகு நிலையத்தில் துண்டு துவைக்கத்தான் நான் சேர்ந்தேன். என் விரல்களில் பலமிருக்கிறது என்று கண்டுபிடித்து, அவரே எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். பரு மண்டிய முகங்கள்தான் எங்களிடம் அதிகம் வரும். முதலில் ஆவி பிடிக்கவைத்துத் தோலை இளக்க வேண்டும். பிறகு, துளைகளில் அடைத்துக்கொண்டிருக்கும் கரும்புள்ளிகளை விரலில் துணி சுற்றிப் பிதுக்க வேண்டும். அவற்றுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மிட்எஸ்ஸர்’, அதாவது நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன். கடைசியாகப் பொடித் தேய்ப்பு. மூன்றாம் நாள் மேல்தோல் வெங்காயச் சருகு போலக் கிளம்பும், ஐந்தாம் நாள் முழுக்க உதிர்ந்துவிடும். இதற்கு ‘ஷேல்கூர்’ என்று பெயர். பெயர்தான் அழகு நிலையம், உள்ளே நடப்பதெல்லாம் அடிதடி.

ஒருநாள், தேய்ப்பின் நடுவே ஒரு வாடிக்கையாளர் அம்மாள் கேட்டார்: “உங்கள் நாட்டில் பருவுக்கு என்ன செய்வீர்கள்?” நான் யோசிக்காமல், “ஒரு ஆளைப் பிடித்து அடிப்போம்” என்று சொல்லிவிட்டேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். இந்தியர்கள் நகைச்சுவையாகப் பேசுவார்கள் என்று கெர்டா அம்மையாரிடமும் சொல்லிவிட்டுப் போனார். நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

ஊரில் அது நடந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா இல்லை. என்னைவிடப் பதினான்கு வயது மூத்த அண்ணன்தான் குடும்பத்துக்கு எல்லாம். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் பலசரக்குக் கடை வைத்திருந்தான். கோபம் அவனுக்கு மூக்குக்கு மேலே நிற்கும். என் முகத்தில் விரல் வைக்க இடமில்லாமல் பரு. அதைப் பார்த்து மதினி ஒருநாள் சாப்பாட்டு வேளையில் கேலி செய்தாள்: “ஏளா, எவனோ ஒம்மேல ஆசப்பட்டிருக்கான். மூஞ்சி பூரா பூத்துக் கெடக்கு.” எங்கள் பக்கம் எந்தக் குமரிக்குப் பரு வந்தாலும் சொல்கிற பேச்சுதான், எல்லோரும் சிரித்துவிட்டுப் போவார்கள். என் அண்ணன் சிரிக்கவில்லை. அந்த ‘எவனை’த் தேட ஆரம்பித்தான்.

கடைக்கு அடுத்தது சங்கு சேர்த்துவைக்கும் கிட்டங்கி. கடலில் குளித்தெடுத்த சங்கெல்லாம் வளையல் அறுக்கக் கல்கத்தாவுக்குப் போகுமுன் அங்கேதான் வந்து குவியும். தரம் பிரிப்பவர் செல்லையா, ஸ்ரீவைகுண்டத்துக்காரர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு மத்தியானம், நான் அவரிடம் கேட்டேன்.

“அண்ணாச்சி, கழிச்சுப் போட்ட சங்கு ஒண்ணு கெடைக்குமா? மூஞ்சிக்கு ஒரைச்சுப் போடணும்.”

“பூச்சி அரிச்சது ஒண்ணு கெடக்கு தாயி. பால் விட்டு ஒரைங்க. எலுமிச்ச விட்ராதிய, தோலு போயிரும்.”

அவசரக்காரி நான். எலுமிச்சை விட்டேன். கல்லில் உரைத்த விழுதைப் பூசியது போதாதென்று தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தும்விட்டேன். விடிந்தபோது இரண்டு கன்னமும் பச்சைப் புண்ணாகி நீர் வடிந்துகொண்டிருந்தது.

“என்னளா மூஞ்சி இது?” என்றான் அண்ணன். அவன் கண் உரைகல்லுக்குப் பக்கத்தில் கிடந்த சங்குக்குப் போனது. “இத யாரு குடுத்தா?”

“கிட்டங்கி அண்ணாச்சி.”

அந்தப் புண்ணின் மேலேயே அறைந்தான். கையில் ஒட்டிய என் தோலை வேட்டியில் துடைத்துவிட்டு, சங்கை எடுத்துக்கொண்டு நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன்.

செல்லையா சங்குக் குவியலுக்கு முன்னால் குத்தவைத்திருந்தார். அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சங்கைக் கைக்குள் இறுக்கிப் பிடித்து முகத்திலேயே குத்தினான். எலும்பு உடைந்த சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. “நான் என்ன அண்ணாச்சி செஞ்சேன்?” என்று அவர் கேட்கக் கேட்க, இவன் குத்திக்கொண்டே இருந்தான். பல் ஒன்று என் காலருகே வந்து விழுந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். பெண் விவகாரம் என்று நினைத்து ஒருவரும் கிட்டே போகவில்லை. வெள்ளைச் சங்குகள் மேலே ரத்தம் தெறித்துக் கிடக்க, செல்லையா மூடாத ஒரு கண்ணால் என்னைத் தேடிப் பார்த்தார். ‘நான்தான் கேட்டேன்.’ இரண்டே வார்த்தை. அவர் அதைத்தான் எதிர்பார்த்தார். என் வாயில் கொழுக்கட்டை இருந்தது.

பெண் பெயர் கெடும் என்று இரண்டு பக்கமும் பேசி, போலீசுக்குப் போகாமல் முடித்துவிட்டார்கள். அடிபட்ட கண்ணில் அவருக்குப் பார்வை திரும்பவில்லை என்று பின்னால் தெரிந்தது. கப்பலில் ஃபிட்டராக இருந்து ஹாம்பர்க்கிலேயே தங்கிவிட்ட ஒருவருக்கு ஒரு மாதத்துக்குள் என்னைக் கட்டிவைத்தார்கள். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். சீமைக்குப் போகிற அதிர்ஷ்டக்காரி என்றார்கள் ஊரில். இதைப் படிக்கிற ஊர்க்காரர்களே, நாங்கள் எல்லோரும் பிழைப்புக்காகத்தான் கடல் தாண்டினோம் என்று நினைக்காதீர்கள். ஒரு வார்த்தை பேசாததற்காகத் தாண்டியவர்களும் இருக்கிறோம்.

இந்த வருடம் பனி உருகும் சமயத்தில் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அவன் மகளுக்குப் பதின்மூன்று வயது. ‘உன் மருமகளுக்கு முகமெல்லாம் பரு. அங்கன நல்ல மருந்து இருக்குமாமே, அனுப்பி வை’ என்று எழுதியிருந்தான். கீழே இன்னும் நாலு வரி: ‘எந்நேரமும் கண்ணாடி முன்னால நிக்கா. எனக்குச் சரியாப் படல. யாருன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. ரெண்டு நாளு கை நீட்டிட்டேன்.’

படித்ததும் எனக்கு வந்தது ஆத்திரம்தான், அழுகை இல்லை. ஆள் தேடத் தொடங்கிவிட்டான். அடுத்து எவன் முகமோ. அதற்கு முன்னால் அந்தப் பிள்ளையின் முகம். உண்மையை எழுதினால் எனக்கென்று இருக்கும் ஒரே பிறந்த வீட்டுக் கதவு சாத்தப்படும் என்று தெரியும். ஆனாலும் எழுதினேன். ‘அண்ணே, அன்னைக்குச் சங்கை நான்தான் வாய்விட்டுக் கேட்டேன். அந்த மனுசன் என்னைத் தாயின்னு கூப்பிட்டுத்தான் குடுத்தார். முகத்தைக் கெடுத்தது என் அவசரம். என் பேச்சில்லாத வாயும் உன் கையும் சேர்ந்துதான் அவர் கண்ணை எடுத்தோம். பரு வயசால் வருகிறது, எவனாலும் வரவில்லை. பிள்ளையைத் தொடாதே.’ அந்தக் கடிதத்தைக் கந்தகக் களிம்புக் குழாய்களோடு வைத்துக் கட்டி அனுப்பினேன்.

பதில் நீல விமானக் கடிதத்தில் வந்தது. நடுப்பக்கத்தில் ஒரே வரி: ‘எனக்குத் தங்கச்சி கெடையாது.’ ஒட்டித் தபாலில் போடச் சொல்லிப் பிள்ளையிடம் கொடுத்திருப்பான் போலிருக்கிறது. ஒட்டும் மடிப்பின் உள்பக்கத்தில், பென்சிலால், சின்ன எழுத்தில், வேறொரு கை எழுதியிருந்தது: ‘அத்தை, மருந்து என்னிடம் இருக்கிறது. போட்டால் எரிகிறது. எரியலாமா?’

அன்றே உட்கார்ந்து பதில் எழுதினேன். ‘கொஞ்சம் எரியலாம் கண்ணு. தாங்க முடியாமல் எரிந்தால் உடனே கழுவிவிடு. யாருக்காகவும் பொறுத்துக்கொள்ளாதே. யார் என்ன கேட்டாலும் வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லு.’ உறையின் மேல் அவள் பெயரைப் பெரிதாக எழுதினேன். ஊரில் எனக்குத் தெரிந்த விலாசம் ஒன்றே ஒன்றுதான். அவள் பெயருக்குக் கீழே மே/பா என்று போட்டு, தங்கச்சி இல்லாத என் அண்ணனின் பெயரை எழுதினேன்.