பெட்டிக்குக் கேட்காமல் ஒரு வேண்டுதல்

போன வருடம் ஆயுத பூஜை முடிந்த சமயம். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறார். இரும்புத் தகட்டை மெஷின் அடித்து அடித்து வளைக்கிற இடம் அது. அந்தச் சத்தத்தில் அவருக்குக் காது மந்தமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. வீட்டில் யார் பேசினாலும், "இந்தாண்ட திரும்பிப் பேசு" என்பார். நாங்களும் அதற்குப் பழகிவிட்டோம்.

எங்கள் ஒரே மகளும் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போகிறாள். பூஜைக்கு அங்கே எல்லோருக்கும் பேசுகிற ஸ்பீக்கர் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். பார்க்கத் தேங்காய் மூடி அளவுதான் இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாட்டுப் போடும், மழை வருமா என்று சொல்லும். எங்கள் வீட்டில் காலியாக இருந்த ஒரே பிளக், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் சீரியல் பல்புக்காகப் போட்டது. அதனால் அந்தப் பெட்டிக்கு அம்மன் படத்தின் அருகிலேயே இடம் கிடைத்துவிட்டது. நானும் சந்தனம் குங்குமம் வைத்தேன். விடிந்ததும் அம்மன் பாட்டுப் போடுகிற பொருளுக்குப் பொட்டு வைக்காமல் எப்படி விடுவது?

அடுத்த வீட்டு அக்காதான் கிலியைக் கிளப்பினார்.

"இத்த ஏன் வூட்ல வச்சிக்கினு கீற? நாம பேசறது எல்லாத்தையும் ஒட்டுக் கேக்குமாம். குக்கர் ரிப்பேர்னு என் மருமக கிட்டதான் சொன்னேன். மறுநாளு போனைத் தெறந்தா குக்கரா வந்து நிக்குது!"

மகளிடம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "பேரு சொல்லிக் கூப்ட்டா மட்டுந்தான் கேக்கும்னு சொல்றாங்கம்மா. அதுக்கு மேல எனக்கும் தெரியாது. நீ கொழம்புக்கு உப்பு போட்டியா இல்லியான்னு தெரிஞ்சி அவனுக்கு இன்னா ஆவப் போவுது?"

உப்பு, புளிச் சமாச்சாரமாக இருந்தால் எனக்கென்ன கவலை? அந்த நாட்களில்தான், குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி என் கையில் தட்டுப்பட்டிருந்தது. மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. இந்த நேரத்தில் எனக்கு இப்படி என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்கள்? அம்மாவுக்கு வந்தது நாளைக்குப் பெண்ணுக்கும் வரும் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? தை கழியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அம்மனிடம் மட்டும்தான் சொன்னேன்.

எனக்கு மனசுக்குள் கும்பிடத் தெரியாது. எட்டாம் வகுப்போடு நின்றவள், ஸ்லோகமும் வராது. விளக்கேற்றியதும், எதிரே ஆள் நிற்கிற மாதிரி அம்மனிடம் வாய்விட்டுப் பேசிவிடுவதுதான் வழக்கம். நைட் ஷிப்ட் முடிந்து வந்த நாட்களில் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். அவருக்குத்தான் கேட்காதே, எனக்கென்ன கூச்சம்?

ஆனால் இப்போது பக்கத்தில் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கினாலும் உள்ளே பேட்டரி இருக்குமோ என்று சந்தேகம். துண்டைப் போட்டு மூடினேன். அப்போதும் மனசு ஒப்பவில்லை. கடைசியில் சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்து வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். "தாயே, மார்ல கட்டி கீது. எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் என்னை நிக்க வச்சிடு." தினமும் இதே வேண்டுதல்தான்.

ஒரு நாள் நாத்தனாருடன் பேசலாம் என்று வீட்டுக்காரருடைய போனை எடுத்தேன். திரையில், மார்பகப் பரிசோதனை செய்துகொண்டீர்களா என்று ஒரு விளம்பரம். உதடு அசைந்ததைக்கூடக் கண்டுபிடித்துவிட்டதே பாவி என்று, அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அரிசி டிரம்மில் அடியாழத்தில் புதைத்து மூடிவிட்டேன்.

சாயங்காலம் மகள் வந்து தேடினாள். "எங்கம்மா என் ஸ்பீக்கர்?"

"அரிசில கீது."

"ஐயய்யோ, தண்ணில போட்டுட்டியா?"

நனைந்த போனை அரிசிக்குள் வைப்பார்களே, அப்படி நினைத்துக்கொண்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்தார். டீயைத் தொடவில்லை. கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"கெளம்பு."

"எங்கங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. அந்தக் கட்டியக் காட்டிட்டு வரலாம்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அந்தப் பொட்டி சொல்லிட்சா?" என்றுதான் என் வாயில் வந்தது.

"எந்தப் பொட்டி? அத்ததான் நீ அரிசில பொதச்சிட்டியாமே!" என்று சிரித்தார். சிரிக்கும்போதே அவர் கண் கலங்கியது. என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "எங்க ஷாப்புல எல்லாரும் காத அடைச்சிக்கினுதான் நிக்கிறோம். மெஷின் போடற சத்தத்துல எவன் பேசறது எவனுக்குக் கேக்கும்? ஒருத்தன் வாய ஒருத்தன் பாத்துத்தான் இத்தினி வருஷமா பேசிக்கினு கீறோம். நீ சாமி கிட்ட சொன்னத நான் கேக்கல. பாத்தேன்."

"நான் அந்தாண்ட திரும்பியில்ல நின்னேன்?"

அவர் கையை நீட்டி அம்மன் படத்தைக் காட்டினார். கண்ணாடி போட்ட பெரிய படம். விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடியில் என் முகம் தெளிவாகத் தெரிந்தது.

"தெனமும் அதுல உன் மூஞ்சியப் பாத்துக்கினுதான் டீ குடிக்கிறேன். நேர்ல பாத்தா, இன்னா மொறைக்கிறேன்னு கேப்ப."

அந்த நிலையிலும் எனக்குப் பகீரென்றது. "அப்ப உங்க தங்கச்சியப் பத்தி நான் சாமி கிட்ட சொன்னதெல்லாம்?"

"அதுவுந்தான்" என்றார்.

அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. நானாகவே சொல்வேன் என்று சில நாள் காத்திருந்தாராம். நான் சொல்கிற மாதிரி தெரியாததால், கூட வேலை செய்கிறவரிடம் போனைக் கொடுத்து எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று தேடச் சொல்லியிருக்கிறார். அப்படித் தேடினதால்தான் அந்த விளம்பரம் வந்திருக்கிறது.

காஞ்சிபுரத்தில் காட்டினோம். நான் பயந்த வியாதியேதான். சின்னதாக இருக்கும்போதே வந்துவிட்டீர்கள், தை வரைக்கும் விட்டிருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். ஆபரேஷன் நடந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கும் என் வீட்டுக்காரரே நேரில் போய்ச் சொல்லிவிட்டார். மறுநாளே சம்பந்தியம்மா ரசம் சாதத்தோடு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். "எனக்கு வந்திருந்தா நீங்க பொண்ணு குடுக்க மாட்டேன்னு சொல்லியிருப்பீங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஊட்டிவிட்டார். தையில், ஆபரேஷனுக்குப் பிறகு ஏற்றிய மருந்தால் முடி கொட்டிய தலையை முந்தானையால் மூடிக்கொண்டிருந்த என்னைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்துப் போனதும் அவர்தான்.

பெட்டி மறுபடியும் சாமி அலமாரிக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பேச்சை அது ஒட்டுக் கேட்கிறதா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த வீட்டு அக்கா கேட்கிறது என்றுதான் சொல்கிறார். எனக்கு ஒன்று மட்டும் தெரியும். அம்மன் என் வேண்டுதலைக் கேட்டாள். பதிலை எனக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் கொடுத்து அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை தோறும் அம்மன் படத்தைத் துடைத்துப் பொட்டு வைக்கும்போது, இப்போதெல்லாம் குங்குமத்தைக் கொஞ்சம் ஓரமாகவே வைக்கிறேன். என் முகம் தெரிகிற இடம் அவருக்கு மறையக் கூடாது.