கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பவர்

என் வீட்டுக்காரர் கிருபாசங்கருக்கு ஒரு பழக்கம். எந்தக் கம்ப்யூட்டர் புத்தகம் கையில் கிடைத்தாலும் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் படிப்பார். மெஷின் ஓடாமல் போனால் என்ன செய்வது, எங்கெங்கே கோளாறு வரும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்குமாம். "நல்லா ஓடறதப் பத்தி எல்லாரும் எழுதுவாங்க அம்மணி. எங்க தடுக்கி உழுந்தேன்னு ஒருத்தன் ஒத்துக்கறான் பாரு, அங்கதான் விசயம் இருக்குது" என்பார்.

சோமனூரில், துணியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற சைசிங் மில் ஒன்றில் அவர் சூப்பர்வைசர். படித்தது பத்தாவது, அதுவும் தமிழ் மீடியம். ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் ஏறி உக்கடம் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய்விடுவார். இன்ஜினியரிங் முடித்த பிள்ளைகள் எடைக்குப் போட்ட புத்தகங்கள் அங்கே வரும். பாதிக்கு மேல் புரட்டாத புத்தகங்கள். அவற்றை வாங்கி வந்து, பக்கத்தில் டிக்ஷனரியை வைத்துக்கொண்டு, பென்சிலால் கோடு போட்டுக் கோடு போட்டுப் படிப்பார். புத்தகமாக வராததை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொள்வார். எங்கள் வீட்டுப் பரணில் செத்துப்போன லேப்டாப் பதினொன்று கிடக்கிறது. கல்யாணத்துக்கு எங்கம்மா கொடுத்த அண்டா நிறைய கீபோர்டு.

மற்ற வீட்டு ஆண்கள் சாப்பிடும்போது போன் பார்ப்பார்கள். இவர் தட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்து, அதை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். "ஏனுங்க, கொழம்பு ஆறிப்போச்சுங்க" என்றால், "இந்தப் பக்கம் முடிஞ்சுரும் அம்மணி" என்பார். முடியாது. பதினோரு வருஷமாகக் கேட்கிறேன். ப்ளஸ் டூவோடு நின்றவள் நான், ஆனால் காது வழியாகவே எனக்குப் பாதி கம்ப்யூட்டர் ஏறிவிட்டது.

படித்ததைச் சும்மா வைத்திருக்கவும் மாட்டார். எங்கள் கோழிக்கூட்டுக் கதவு விடிந்ததும் தானாகத் திறக்கும். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் என் போனுக்கு மெசேஜ் வரும். ஊரில் கம்ப்யூட்டர் கிறுக்கன் என்று பேர் வைத்தார்கள். அவர் சிரித்துக்கொள்வார். எனக்கு அந்தக் குணம் இல்லை. ஒருத்தர் ஒரு சொல் சொன்னால் அது ஏழு வருஷம் ஆனாலும் என் வயிற்றுக்குள் அப்படியே கிடக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்குத் தறிப் பைத்தியம் பிடித்தது. விசைத்தறியில் பாவு நூல் ஒன்று அறுந்தால் தறி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஆள் பார்த்து நிறுத்துவதற்குள் துணியில் நீளமாகக் கோடு விழுந்துவிடும். இவர் தீப்பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, அதில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கேமராவை மாட்டினார். அந்தக் கண் நூலையே பார்த்துக்கொண்டிருக்கும். நூல் அறுந்து படம் மாறினால் மோட்டாரை நிறுத்திவிடும். சொல்வதற்கு இரண்டு வரி. அதற்கான புரோகிராமை எட்டு மாதம் எழுதி எழுதி அழித்தார்.

போட்டுப் பார்க்க எங்களிடம் தறி ஏது? அவருடைய பெரியப்பா மகன் சென்னியப்பனிடம் இருபத்து நாலு தறி ஓடியது. அவருடைய தறிக்குடோனில் ஒரு தறியில் இவர் மாட்டினார். நூலை அறுத்த மாத்திரத்தில் தறி நின்றது. அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது இவரே தன் நோட்டில் ஒரு கடைசி அத்தியாயம் எழுதி, அதையும் எனக்குப் படித்துக் காட்டினார். "கண்ணை எதாச்சும் மறைச்சுப்போட்டா அதுக்கு ஒரே படந்தான் தெரிஞ்சுட்டிருக்கும். ஒண்ணும் மாறலீன்னு தறிய ஓட உட்டுரும். இத இன்னும் சரி பண்ணோணும்."

சரி பண்ண விடவில்லை. "இன்னும் ரெண்டு செஞ்சு குடு தம்பி, புரோகிராமையும் ஒரு காப்பி போட்டுக் குடு, பத்தரமா வெச்சுக்கறேன்" என்று சென்னியப்பன் கேட்டார். அண்ணன் கேட்கிறாரே என்று இவரும் கொடுத்தார். இரண்டு மாதத்தில் அது தகரப் பெட்டிக்குள் போய், முகப்பில் ஒரு பச்சை விளக்கும், 'சென்னி ஆட்டோ ஸ்டாப்' என்று ஸ்டிக்கரும் ஏறிவிட்டது. பேப்பரில் போட்டோ வந்தது: சோமனூர் தறி உரிமையாளரின் கண்டுபிடிப்பு. கிருபாசங்கர் என்ற பேர் எறும்பு அளவுக்குக்கூட எங்கேயும் இல்லை.

குலதெய்வக் கோயில் பொங்கலில் நான் கேட்டுவிட்டேன். "மாமா, அவிய பேரையும் ஒரு ஓரமாப் போட்டிருக்கலாமுங்களே?"

சென்னியப்பன் நாலு பேரைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஒயரு மாட்டுனவன் பேரெல்லாம் போட்டா எலக்ட்ரீசியன் பேரையும் போடோணுமல்லோ அம்மணி? புஸ்தகத்தப் படிச்சே கெட்டுப்போனவனுக்கு எங்குடோன்ல எடம் குடுத்தனே, அது பத்தாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, "உடு அம்மணி, தறி நிக்குதல்லோ, அது போதும்" என்றார். எனக்குப் போதாது. பணமும் வேண்டாம், பங்கும் வேண்டாம். செய்தது கிருபாசங்கர் என்று அந்த மனுஷன் தன் வாயால் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

நாலு மாதம் கழித்து ஆயுத பூஜை வந்தது. பங்காளி வீட்டுக் குடோன் பூஜைக்குப் போகாமல் இருக்க முடியாது. தறியெல்லாம் துடைத்து, மாவிலை கட்டியிருந்தார்கள். மறுநாள் விஜயதசமிக்குப் பல்லடத்திலிருந்து பங்காருசாமி என்பவர் அந்தப் பெட்டியைப் பார்க்க வருகிறார், அறுபது தறி வைத்திருக்கிறவர், பிடித்துவிட்டால் அத்தனைக்கும் வாங்குவார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். சென்னியப்பன் மனைவி மாசாணியக்கா சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "கெளக்கு வரிசைக்கு நீ பொட்டு வெச்சுரு கண்ணு" என்றார்.

கிழக்கு வரிசையின் முதல் தறியில்தான் மறுநாள் காட்டப்போகிற அந்தப் பெட்டி இருந்தது.

மோட்டாருக்கு ஒன்று வைத்தேன். சுவிட்சுக்கு ஒன்று. பெட்டிக்கு மூன்று: ஸ்டிக்கர் மேல் ஒன்று, பச்சை விளக்கின் மேல் ஒன்று, கீழ் ஓரத்தில் பொத்தான் அளவு இருந்த அந்தக் கண்ணின் மேல் ஒன்று. மூன்றாவதைக் கொஞ்சம் கெட்டியாகவே அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். சாமி குத்தம் ஆகாதா என்று கேட்பீர்கள். நாலு மாதமாக அந்தச் சாமி என்ன பார்த்துக்கொண்டிருந்தது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

கற்பூரத் தட்டோடு வந்த சென்னியப்பன் பெட்டியைப் பார்த்துவிட்டு, "லட்சணமா வெச்சிருக்கறே அம்மணி" என்றார். எங்கள் பக்கம் பூஜையில் வைத்த பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். அது காய்ந்து தானாகத்தான் உதிர வேண்டும். அதனால் எனக்குப் பயமும் இல்லை.

மறுநாள் காலை நல்ல நேரம் பார்த்துத் தறியை ஓட்டினார்கள். பங்காருசாமி வயசானவர், அதிகம் பேசாதவர். தறிக்காரர்கள், சொந்தக்காரர்கள் என்று இருபது பேர் சுற்றி நின்றோம். என் வீட்டுக்காரர் கதவோரம் நின்றார். சென்னியப்பன் கத்திரிக்கோலைத் தூக்கிக் காட்டி, "பாத்துட்டே இருங்க" என்று ஒரு பாவு நூலை வெட்டினார்.

தறி ஓடியது.

இரண்டு நூலை வெட்டினார். பிறகு நாலு. துணியில் கோடு கோடாக விழுந்தது. தறி தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. சென்னியப்பனுக்கு நெற்றியில் வேர்த்ததை நான் பார்த்தேன். இனி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும், என் பிள்ளையார் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அவர் கூப்பிட்டார். ஆனால் கூப்பிட்ட விதம் வேறு. "நான் என்னங்க பண்றது? இத செஞ்சவன் அந்தா நிக்கறானுங்க, என்ற தம்பி கிருபா. கிறுக்கன். புரோகிராமு முழுக்க அவந்தான் எழுதுனான். நம்பிக் கெட்டுப்போனனுங்க."

எனக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினது போல இருந்தது. நாலு மாதம் நான் காத்திருந்த பேர் அது. நன்றாக ஓடியபோது சொல்லாத வாய், கெட்டுப்போனதும் அதைச் சேறு மாதிரி எடுத்து வீசியது. நான் போட்ட கணக்கு என் வீட்டுக்காரர் தலையிலேயே வந்து விழுந்துவிட்டது.

இவர் மெதுவாக வந்தார். தறியை நிறுத்திவிட்டுக் குனிந்து பெட்டியைப் பார்த்தார். அவருக்கு ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் பங்காருசாமியிடம், "என்ற தப்புத்தானுங்க. கண்ணு மறைஞ்சா தறி நிக்கற மாதிரி எழுதியிருக்கோணும். எழுதாம உட்டுப்போட்டேன்" என்றார்.

என்னைக் காப்பாற்றுவதற்காகத் தன் பேரைத் தானே கெடுத்துக்கொண்டார். அதற்கு மேல் நான் சும்மா நிற்பேனா?

"அவிய தப்பு இல்லீங்க" என்றேன். "கண்ணு மேல சந்தனம் வெச்சது நான். தெரிஞ்சேதான் வெச்சேன்."

மாசாணியக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். சென்னியப்பனுக்குத்தான் உயிர் வந்தது. என்னைத் திட்டக்கூட அவருக்கு நேரமில்லை. "பாத்தீங்களா, பாத்தீங்களா, நம்ம மிசின்ல ஒரு கோளாறும் இல்லீங்க. இப்பப் பாருங்க" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து, பெட்டியின் பொட்டை அழுத்தித் துடைத்தார். பச்சை விளக்கின் மேல் இருந்த பொட்டை.

தறியை ஓட்டி நூலை வெட்டினார். தறி ஓடியது. ஸ்டிக்கர் மேல் இருந்ததைத் துடைக்கக் கை கொண்டுபோனார்.

"இருங்க" என்றார் பங்காருசாமி. "கண்ணு எங்க இருக்குதுன்னு உங்களுக்கே தெரியலீங்களே சென்னியப்பன். இந்த அம்மணிக்குத் தெரிஞ்சிருக்குது."

துண்டு அந்தரத்தில் நின்றது. தறிக்காரர்களில் யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார்.

"அப்ப இதச் செஞ்சது யாருங்க?" என்று பங்காருசாமி கேட்டார்.

"தம்பிதானுங்க."

"பேரச் சொல்லுங்க மாமா" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றியிருக்கும். நான் நகரவில்லை. இருபது பேரும் காத்திருந்தார்கள். "கிருபாசங்கர்" என்றார். பாதிப் பேர்தான் வெளியே கேட்டது, ஆனால் கேட்டது.

என் வீட்டுக்காரர் சட்டை நுனியால் கீழ் ஓரத்துப் பொட்டைத் துடைத்தார். நூலை வெட்டினார். தறி நின்றது. பங்காருசாமி தன் போனை எடுத்து, "உங்க நம்பரச் சொல்லுங்க தம்பி. பல்லடத்துக்கு எப்ப வாரீங்க?" என்று கேட்டார்.

இப்போது பங்காளி வீட்டில் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லை. பூஜைப் பொட்டில் சதி செய்தவள் என்று எனக்குப் பேர். இருக்கட்டும், அதுவும் நான் செய்ததுதானே. செய்தவள் பேரைச் சரியாகச் சொல்கிறார்கள்.

அன்றைக்கு வண்டியில் திரும்பி வரும்போது கணியூர் பக்கம் இவர் வேகத்தைக் குறைத்தார். அப்புறம், "அண்ணன் மூஞ்சியப் பாத்தியா அம்மணி? எனக்குப் பாவமாப் போயிருச்சு" என்றார்.

பார்த்தேனுங்க என்றேன். பொட்டைத் தேடித் தேடித் துடைத்த அந்த முகத்தை நான் கண் குளிரப் பார்த்தேன்.