அறுகம்பைக்குப் புறப்பட்டு நிந்தவூரில் நின்ற கார்

மழைக்காலத்தில் அறுகம்பைக் கடற்கரைக்கு யாராவது போவார்களா என்று கேட்காதீர்கள். டோகாவில் வேலை செய்கிற என் மனிசனுக்குக் கம்பனி நினைத்த நேரத்தில்தான் லீவு. இந்த முறை டிசம்பரில் ஒரு மாதம் கொடுத்தார்கள். மழையோ வெயிலோ, ஆள் வந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

லீவு என்றுதான் பேர். எங்கள் சாய்ந்தமருதில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருப்பார். உம்மா, வாப்பா, எனக்கு மூத்த ராத்தா, அவர் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். இது போதாதென்று பகலுக்கு ஒரு வீட்டில் விருந்து, இரவுக்கு இன்னொரு வீட்டில் விருந்து. கல்யாணம் முடித்து மூன்று வருடமாகிறது, என் புருஷனோடு நிம்மதியாக ஒரு மணித்தியாலம் கதைத்த ஞாபகமில்லை. ஒரே ஒரு பகல் எனக்கென்று வேண்டும் என்று அழாத குறையாகக் கேட்டேன். அவர் பிளேன் ஏற இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை கிடைத்தது.

"வேனொண்டா எடுங்க, நாங்களும் வாறம்," என்றார் ராத்தா. என் மனிசன் லேசுப்பட்டவரா? வாடகைக்கு இருந்ததிலேயே சின்னக் காரைக் கொண்டு வந்து நிறுத்தினார். நாளுக்கு 7,500 ரூபா, நூறு கிலோமீற்றருக்கு மேல் போனால் கிலோமீற்றருக்கு அறுபது. பின் சீற்றில் சோற்றுப் பார்சல், பாய், குடை என்று பரப்பி வைத்தோம். "இதுக்குள்ள எங்க புள்ள இரிக்கிற?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார் ராத்தா.

ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். அறுகம்பை எழுபது கிலோமீற்றர் சொச்சம். காரைதீவு வரை தூறல்தான். நிந்தவூர் தாண்டி இரு பக்கமும் வயல் வருகிற இடத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ரோட்டு எது, வயல் எது என்று தெரியவில்லை. முன்னால் ஒரு வேன் சுகமாகப் போக, அந்தத் தைரியத்தில் நாங்களும் காரைத் தண்ணீருக்குள் இறக்கினோம். வேனின் உயரம் என்ன, எங்கள் கோழிக்கூட்டின் உயரம் என்ன! நடுத்தண்ணீரில் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. பத்துக் கிலோமீற்றர்கூட ஓடவில்லை.

இருவருமாகத் தள்ளி ஓரத்து மேட்டில் ஏற்றினோம். காரை வாடகைக்கு விட்டவர் போனில் பதறினார். "ஸ்டார்ட் பண்ணிராதீங்க! ரெண்டு மணித்தியாலம் காய விட்டுப் பாருங்க."

வாப்பாவுக்குப் போனில் ஒரு கோல் எடுத்தால் அரை மணித்தியாலத்தில் அவருடைய தம்பிமாரான சாச்சாமார் மூன்று பேரும் கயிற்றோடு வந்து நிற்பார்கள். அத்தோடு என் பகல் போச்சு. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், இரண்டு போனையும் ஓஃப் பண்ணினோம்.

கொஞ்ச நேரத்தில், தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு மண்வெட்டியோடு ஒரு வயற்காரர் வந்தார். வரம்பை வெட்டித் தண்ணீரை வடிய விட வந்தவர். கண்ணாடியைத் தட்டி ஸலாம் சொன்னார்.

"அங்கால இன்னும் தண்ணி தம்பி, போகேலாது. திரும்பத்தான் வேணும். என்ட உழவு மிசினால இழுத்து ஊருக்குள்ள விட்டுத் தாறன்."

"வேணாம் மாமா, காயட்டும்," என்றார் இவர்.

வயற்காரர் என் பக்கம் குனிந்தார். "எந்த ஊர் புள்ள? யார்ர மகள்?"

இந்தக் கேள்விக்குத்தான் பயந்திருந்தேன். நிந்தவூரில் பாதிப்பேர் எங்களுக்குச் சொந்தம். "நாங்க கொழும்பு மாமா. இஞ்ச ஒருத்தரையும் தெரியா," என்று புளுகினேன்.

"கொழும்புப் புள்ள நம்மட ஊர்க் கதையெல்லோ கதைக்கிது!" என்று சிரித்தார். பிறகு இவரைப் பார்த்து, "வெளிநாடா மனே? எப்ப திரும்பிப் போற?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை."

அவர் சிரிப்பு நின்றது. "என்ட மகனும் குவைத்திலதான். சரி, நான் ஒருத்தரையும் காணல்ல," என்று சொல்லி வயலுக்குள் இறங்கிவிட்டார்.

கடற்கரையில் சாப்பிடக் கட்டிய சோற்றைக் காருக்குள் பிரித்தோம். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. டோகாவில் ஓர் அறையில் ஆறு பேராம். "அங்கயும் தனியா ஒரு இடமில்ல. மாடிப்படியில குந்திக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் உன்னோட கதைக்கிற," என்றார். அது எனக்கு அன்றுதான் தெரியும். பக்கத்தில் இருக்கும்போதே மனசு அவரைத் தேடியது. அழுதேன், வெட்கமில்லாமல்.

பகல் லுஹர் பாங்கு கேட்டது. மழை விட்டிருந்தது, கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால் ஊர்ப்பக்கம் ரோட்டுத் தெரிந்தது. இவர் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது. வாய் அல்ஹம்துலில்லாஹ் என்றது, மனசு பகீரென்றது. இனி வீடு, விருந்து, பெட்டி கட்டுதல். இவர் கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிறுத்திவிட்டார்.

டிசம்பரில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: உயரமான வாகனம் எடுங்கள். முன்னால் போகிற வேனை நம்பி இறங்காதீர்கள். தண்ணீரில் நின்றால் உடனே சாவியைத் திருப்பாதீர்கள், காய விடுங்கள். வாடகைக்கு விட்டவர் கணக்கில் இரண்டு மணித்தியாலம் போதும். நாங்கள் பின்னேரம் அஸர் பாங்கு கேட்கும் வரைக்கும் காய விட்டோம்.