இடது கை டிரம்பெட்

வாத்தியார் இருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். எங்கள் பேண்டில் கிளாரினெட் அவர்தான். மண்டிக்காரர் இருந்தார். விருதுநகர் மிளகாய் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். பெரிய பித்தளைக் குழல் அவருடையது, அதை பேஸ் என்போம். சைடு டிரம்மோடு என் சேக்காளி இருந்தான். அவனும் நானும் ஒரே அச்சாபீசில் வேலை. பெரிய டிரம்மை மாட்டிக்கொண்டு நான் இருந்தேன். டிரம்பெட்டோடு என் மச்சான் இருந்தார், அக்கா புருசன். காருக்குள் மாப்பிள்ளை இருந்தார். காருக்கு முன்னால், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பெண்ணின் தாய்மாமன் நின்றார்.

திருத்தங்கலில் ஒரு தை மாதத்துச் சாயங்காலம். அறுபத்து மூணோ நாலோ, சரியாக நினைவில்லை. மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. தாய்மாமன் மச்சானுடைய கையைப் பார்த்துவிட்டார்.

அந்தக் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மச்சான் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிறவர். அதற்கு முந்தின புரட்டாசியில், தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடந்தது. ஒரு மத்தியானம் மருந்து உரசித் தீப்பிடித்துக்கொண்டது. அறையில் அவர் மட்டும்தான் இருந்தார். உயிர் தப்பியது. வலது கையில் பெருவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. நடுவில் இருந்த மூன்றும் போயின.

டிரம்பெட்டில் பித்தான் மூன்று. அதை அமுக்குவதும் வலது கையின் நடு மூன்று விரல்தான்.

ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் இருந்தேன். கட்டு மாற்ற வந்த நர்சம்மாவிடம் மச்சான் கேட்டார்.

"இடது கையில ஒண்ணும் இல்லல்ல சிஸ்டர்?"

"லேசாச் சுட்டிருக்கு. ஆறிரும். எதுக்குக் கேக்கீக?"

"அதுக்கு வேலை இருக்கு."



கம்பெனியில் அவரை வாசல் காவலுக்குப் போட்டார்கள். போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை. மச்சானுக்கு அது ஒத்துவரவில்லை. வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். அக்கா என்னிடம் சொன்னாள்: "ஏலே, அந்தக் குழலும் போச்சுன்னா இந்த மனுசன் எந்திரிக்க மாட்டாருலே." அக்கா சும்மா சொல்கிறவள் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

பழைய வேட்டிக் கரையைக் கிழித்து அக்கா ஒரு நாடா தைத்தாள். அதை வைத்து டிரம்பெட்டை வலது மணிக்கட்டோடு கட்டிக்கொள்ளலாம். தாங்குவதற்கு வலது கை, பித்தானுக்கு இடது கை. அந்த வருசம் மழை பொய்த்து வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் போய்ப் பழகினோம். சாயங்காலம் வேலை விட்டதும் ஐந்து பேரும் போய்விடுவோம்.

முதல் வாரம் கேட்க முடியவில்லை. இடது கை விரல்கள் மாடு மிதித்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று விழும். கண்மாயில் மேய்ந்த ஆடுகள் கரைக்கு ஏறிவிட்டன.

"ஆட்டுக்காரன் கல்லெடுக்கான் பாருங்க மாப்ளே" என்றார் மண்டிக்காரர். மச்சானை அவர் மாப்ளே என்றுதான் கூப்பிடுவார். உறவு ஒன்றும் கிடையாது.

"உம்ம பேஸை அவன் பக்கம் திருப்பி ஊதும். அந்தக் காத்துல கல்லு அவங்கிட்டயே திரும்பிரும்" என்றார் மச்சான்.

விபத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் கேலி அது. வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் டிரம்மைப் பார்த்துக்கொண்டேன்.

விரல் மெதுவாகத்தான் நகரும். அதனால் வாத்தியார் மாதா கோயில் பாட்டு ஒன்றைக் கொடுத்தார். நீளமான சுரம், அவசரம் கிடையாது. அது வந்ததும் மச்சான் தாலாட்டு எடுத்தார், அக்கா பிள்ளைகளுக்குப் பாடுவது. அதன் பிறகு கும்மி. அதன் பிறகு நையாண்டி மேளத்து அடி. விரல் பழகப் பழகப் பாட்டின் வேகமும் கூடியது.

கடைசியாக வந்தது இங்கிலீஷ் பாட்டு. வாத்தியார் வீட்டில் ரேடியோ உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போனால் கேட்கலாம். கித்தார் அலறும். டிரம் ஓடும். பாடுகிறவன் யாரோடோ சண்டைக்கு நிற்கிற மாதிரி இருக்கும். மச்சானுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

"இதுக்குப் பேரு என்ன வாத்தியாரே?"

"ராக் அண்ட் ரோல்."

"அப்படின்னா?"

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். "ராக்குன்னா பாறை. ரோல்னா உருளுறது."

"நம்ம ஊருல பாறையெல்லாம் சும்மாதான கெடக்கு" என்றார் மண்டிக்காரர்.

"நம்ம உருட்டுவோம்" என்றார் மச்சான்.

பேண்டு என்றால் ஒரு பாட்டு ஊதி நிறுத்துவோம், தண்ணீர் குடிப்போம், அடுத்த பாட்டு. மச்சான் இப்போது நிறுத்த மாட்டேன் என்றார். நிறுத்தினால் விரல் மறந்துவிடுமாம். ஒன்றின் வாலைப் பிடித்து அடுத்ததற்குப் போக வேண்டும். அவர் கை பழகிய வரிசையே பாட்டு வரிசை ஆயிற்று. கோயில் பாட்டு, தாலாட்டு, கும்மி, நையாண்டி, பாறை. எல்லாம் சேர்ந்து ஒரே பாட்டு மாதிரி. வாத்தியாருக்கு ஒரு சந்தேகம்.

"கல்யாணத்துல போயித் தாலாட்டா?"

"இன்னைக்கி இல்லேன்னா அடுத்த வருசம் வேணும்ல."

சோற்றை மட்டும் அவர் வலது கையால்தான் சாப்பிட்டார். இரண்டு விரலால். ரொம்ப நேரம் ஆகும். அக்கா உருட்டிக் கொடுக்கிறேன் என்றால் முறைப்பார். "சோத்துக்கு இந்தக் கை. பாட்டுக்கு அந்தக் கை" என்பார்.

இப்படித்தான் திருத்தங்கல் கல்யாணத்துக்குப் போனோம். விபத்துக்குப் பிறகு முதல் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கூப்பிட்டார்கள். கையைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

தாய்மாமன் கெட்டவர் இல்லை. அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம், அவர் வீட்டில் முதல் கல்யாணம். பயம். அவ்வளவுதான்.

"என்னங்க இது, நல்ல காரியத்துக்குக் கழுவுற கையால ஊதுறாக? வலது கையால ஊதச் சொல்லுங்க."

மச்சான் வலது கையைத் தூக்கிக் காட்டினார். தாய்மாமன் பார்த்தார். முகம் சுருங்கியது.

"அடப் பாவமே. சரி. அவரு அங்கன நிழல்ல உக்காரட்டும். சாப்பாட்டுக்கு ஒண்ணும் கொறையில்ல. மத்தவுக ஊதுங்க."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் ஒரு கல்யாணத்தில் ஓரமாக உட்காரச் சொன்னால் போதும், ஊர் பூராவும் தெரிந்துவிடும். அடுத்தது கூப்பிட வருகிறவர்கள், அவரை விட்டுவிட்டு நீங்கள் வாருங்கள் என்பார்கள். அதற்கு அடுத்ததில் வேறு ஆளைப் போடச் சொல்வார்கள். பிறகு மச்சானுக்குக் கம்பெனி வாசலும் வீட்டுச் சுவரும்தான்.

வாத்தியாருக்குக் கோபம் வந்தால் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவார். கிளாரினெட்டைத் தூக்கிக் காட்டினார்.

"அய்யா, இதப் பாருங்க. இதுல இடது கைதான் மேல, வலது கை கீழ. நான் எத்தன கல்யாணத்துல ஊதியிருக்கேன். அம்புட்டும் நல்லாத்தான இருக்காக?"

தாய்மாமன் கிட்ட வந்து பார்த்தார். "அப்படியா? எனக்கு இது தெரியாதே. அப்ப நீங்களும் ஊத வேண்டாம்."

வாத்தியார் கிளாரினெட்டை இறக்கிக்கொண்டார்.

தாய்மாமன் மண்டிக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"பித்தானுக்கு வலது கை. ஆனா இடது கைய எடுத்தா இது என் கால்ல விழும்."

"நீங்க?" என்றார் என்னிடம். எனக்கு வலது கையில் பெரிய குச்சி, இடது கையில் சின்னக் குச்சி. இரண்டையும் காட்டினேன். சேக்காளியும் இரண்டைக் காட்டினான். தாய்மாமன் எங்கள் ஐந்து பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் கணக்குப்படி ஆளே மிச்சம் இல்லை.

"அப்ப யாருதான் ஊதுறது?"

"நீங்கதான் சொல்லணும்" என்றார் மண்டிக்காரர்.

மாப்பிள்ளை காருக்குள் இருந்து தலையை நீட்டினார். "மாமா, வேர்க்குது."

சீர்த்தட்டோடு நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதில் தாய்மாமனுக்கு ரோசம் வந்தது. இன்னும் விறைப்பாக நின்றார். இனிமேல் அவர் இறங்கி வர மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

மச்சான் டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டார். தாய்மாமனைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குள் கொஞ்ச தூரம் நடந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். நாடாவை இழுத்துக் கட்டினார். ஊதினார்.

கோயில் பாட்டு. நீளமான சுரம். பிசிறில்லாமல் வந்தது.

வழக்கு முடிந்துவிட்டது என்று கார்க்காரர் நினைத்துக்கொண்டார். பேண்டு கேட்டால் வண்டியை எடுக்க வேண்டும், அவருக்குத் தெரிந்தது அதுதான். எடுத்துவிட்டார். தாய்மாமன் ஓரத்துக்குத் துள்ளிக் குதித்தார்.

"நிப்பாட்டு, நிப்பாட்டு" என்றார்.

அவருடைய சம்சாரமே சொன்னாள்: "கெளம்பிருச்சுல்ல. மாப்பிள்ளை வண்டி கெளம்பி நிக்கப்படாது. அது இதவிட ஆகாது."

இடது கை ஆகாது. கிளம்பிய ஊர்வலம் நின்றால் அதைவிட ஆகாது. தாய்மாமன் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நடந்தார்.

நான் டிரம்மை அடித்துக்கொண்டு ஓடினேன். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

முதல் தெரு முழுக்கக் கோயில் பாட்டு. இரண்டாம் தெருவில் தாலாட்டு வந்தபோது பெண்கள் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கும்மிக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை கொட்டினார்கள். வழியில் ஒரு அச்சாபீஸ் வாசலில் மை பூசிய கையோடு ஆட்கள் வந்து நின்றார்கள். நையாண்டியில் மச்சானுக்கு ஒரு இடத்தில் விரல் தடுக்கியது. நான் பின்னால்தான் நடந்தேன். அவர் கழுத்தில் வேர்வை ஓடியது. சேக்காளி சைடு டிரம்மில் ஒரு உருட்டு உருட்டி அந்த இடத்தை மூடினான். தடுக்கியது வெளியே தெரியவில்லை. மச்சான் திரும்பிப் பார்க்காமலே தலையை ஆட்டினார்.

பந்தலுக்கு முந்தின தெருவில் பாறையை உருட்டினோம். அந்தத் தெரு அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. மண்டிக்காரர் முதுகை வளைத்து வானத்தைப் பார்த்து ஊதினார். வாத்தியார் கிளாரினெட்டைக் கீச்சென்று ஏற்றினார். பட்டாசுக் கம்பெனியில் வேலை விட்டு வந்துகொண்டிருந்தவர்கள் டிபன் தூக்கோடு எங்களோடு சேர்ந்து நடந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மச்சானைத் தெரியும். அவர்கள் மச்சானுடைய கையைத்தான் பார்த்தார்கள். கூடவே நடந்தார்கள்.

பந்தலில் நிறுத்தினோம். தாய்மாமன் மச்சானிடம் வந்தார்.

"அந்தக் கடைசிப் பாட்டு என்ன பாட்டு?"

"இங்கிலீஷ் பாட்டு."

"தாலி கட்டும்போது அத ஊதிராதீக."

"இல்ல."

"மத்ததெல்லாம் ஊதலாம்."



மறுநாள் முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தோம். மச்சான் இரண்டு விரலால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் எழுந்தாயிற்று. அடுத்த பந்திக்கு ஆட்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். இலை எடுக்கிறவன் வாளியோடு வந்தான். தாய்மாமன் அவனைத் தள்ளிப் போகச் சொன்னார்.

"பைய சாப்பிடுங்க. இப்ப என்ன அவசரம்" என்று சொல்லி, அவரே ரசத்தை ஊற்றினார்.

பயந்தபடியே பேச்சு ஊருக்குள் போயிற்று. இடது கை பேண்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்து எங்களைத் தேடி வந்தவர் ஆலங்குளத்துக்காரர். தாய்மாமனுக்குச் சொந்தம். வாத்தியார்தான் பேசினார். வந்தவர் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"அந்த இடது கைக்காரர் வாராருல்ல?"

வாத்தியார் மச்சானைத் திரும்பிப் பார்த்தார். மச்சான் டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வாரேன்" என்றார்.

அந்தப் பங்குனி முடிகிறவரைக்கும் ஊதினோம். திருத்தங்கலையும் சேர்த்துப் பதினேழு கல்யாணம். ஒன்றுக்குக்கூட மச்சானை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை.